"நாடி கிடைக்கலையேம்மா": காரணம் தெரியாத நோயுடன் ஐந்து ஆண்டுகள்

மருந்தகத்தில் தாதி என் இடக்கையில் ரத்த அழுத்தம் அளக்கும் பட்டையைச் சுற்றினார். இயந்திரம் இறுக்கியது, தளர்ந்தது, மறுபடியும் இறுக்கியது. திரையில் எண் வரவேண்டிய இடத்தில் பிழை என்று காட்டியது. "மெஷின் ஸ்பாயில்" என்று சொல்லிவிட்டு வேறொன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதிலும் எண் வரவில்லை. பிறகு வலக்கையில் எடுத்துப் பார்த்தார். 118க்கு 74. அதைக் குறித்துக்கொண்டு என்னை மருத்துவரிடம் அனுப்பினார். எனக்கு அப்போது 22 வயது.

இயந்திரத்தில் கோளாறு இல்லை. என் இடக்கைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் கிட்டத்தட்ட அடைபட்டிருந்தது. அதைக் கண்டுபிடிக்க மேலும் 14 மாதங்கள் ஆயின. அந்தத் தாதியின்மீது எனக்குக் கோபம் இல்லை. நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்து சிரித்துப் பேசும் 22 வயதுப் பெண்ணின் கையில் நாடி இருக்காது என்று யாருக்குத் தோன்றும்?

என் நோயின் பெயர் தக்கயாசு தமனி அழற்சி. பெயரைச் சொன்னதும் பலரும் கேட்பது, "ஜப்பான் போயிருந்தியா?" என்பதுதான். போனதில்லை. இது தொற்றுநோயும் இல்லை. பல நாடுகளின் கணக்குப்படி ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ புதிதாக வருகிறது. பெரும்பாலும் 40 வயதுக்குட்பட்ட பெண்களுக்கு வருகிறது. ஜப்பான், கொரியா, சீனா, இந்தியா ஆகிய நாடுகளின் வம்சாவளியினரிடம் மற்றவர்களைவிட அதிகம் காணப்படுகிறது. ஏன் வருகிறது என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. இந்தக் கடைசி வாக்கியத்தோடு வாழப் பழகுவதுதான் எனக்கு மாத்திரைகளைவிடக் கடினமாக இருந்தது.

மூங்கில் கழியில் தொடங்கியது

எங்கள் வீவக வீட்டில் இன்னும் சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில்தான் துணி உலர்த்துகிறோம். ஈரத்துணி கோத்த கழியைத் தூக்கி வெளியே நீட்டிச் செருகும்போது இடக்கை ஈயம்போல் கனக்கும். இறக்கிவிட்டு இரண்டு நிமிடம் உட்கார்ந்தால் சரியாகிவிடும். தலை பின்னும்போதும் அப்படித்தான். எம்ஆர்டி ரயிலில் மேலே உள்ள கைப்பிடியை இடக்கையால் பிடித்தால் இரண்டு நிலையங்களுக்குமேல் தாங்காது. வலக்கைக்கு மாற்றிக்கொள்வேன். மாற்றிக்கொள்ள இன்னொரு கை இருந்ததால் அதை நோய் என்றே நான் நினைக்கவில்லை.

கூடவே மாலை நேரத்தில் லேசான காய்ச்சல், இரவில் வியர்வை, காரணமில்லாமல் ஆறு கிலோ எடைக்குறைவு, எழுந்து நின்றால் தலைச்சுற்றல். ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கம் கிடைத்தது. இரும்புச்சத்து குறைவு என்றார்கள். புது வேலை, மன உளைச்சல் என்றார்கள். தைராய்டு பார்த்தார்கள். காசநோயாக இருக்குமோ என்று நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்கள், நுரையீரல் சுத்தமாக இருந்தது. நான்கு மருந்தகங்களில் நான்கு மருத்துவர்களைப் பார்த்தேன். ஒவ்வொருவரும் தம்மிடம் வந்த துண்டைச் சரியாகத்தான் பார்த்தார்கள். எல்லாத் துண்டுகளையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க யாருக்கும் வாய்ப்பில்லாமல் போனது. மாதக் கடைசியில் எம்சி கேட்டு வந்து நிற்கும் பெண்ணாக நான் தெரிந்திருப்பேன் என்ற எண்ணம் எனக்கே வந்தது.

கடைசியில் அதைப் பிடித்தவர் ஒரு நாட்டு வைத்தியர்.

ஜோகூர் பாருவில் இருக்கும் என் பெரியம்மா, "ஒரு தடவ காட்டிட்டுப் போயேன்" என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். பெரியம்மாவின் வாயை அடைக்கலாமே என்றுதான் போனேன். சித்த மருத்துவத்தில் பெண்களுக்கு இடக்கையில் நாடி பார்ப்பது வழக்கம். அந்தப் பெரியவர் என் இடது மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்தார். விரலை நகர்த்தி வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் இருந்தார். பிறகு, "நாடி கிடைக்கலையேம்மா" என்றார். வலக்கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு மறுபடியும் இடக்கைக்கு வந்தார். கடைசியில் பெரியம்மாவைப் பார்த்து, "இது என் கையில ஆகுற காரியம் இல்ல. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டார். ஒரு பொடி, ஒரு லேகியம்கூடக் கொடுக்கவில்லை. காணிக்கையும் வாங்கவில்லை.

மறுநாள் சிங்கப்பூரில் அவசர சிகிச்சைப் பிரிவில் இரண்டு கைகளையும் ஒரே நேரத்தில் பிடித்துப் பாருங்கள் என்று நானே கேட்டேன். இளம் மருத்துவர் ஒருவர் அப்படியே செய்தார். அவர் முகம் மாறியதைக் கவனித்தேன். ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்திலும் காறை எலும்புக்கு மேலும் வைத்துக் கேட்டார். குறுகிய குழாயில் ரத்தம் நுழைந்து போகும்போது எழும் இரைச்சல் அங்கே கேட்டிருக்கிறது. அன்றிரவே ரத்தக்குழாய்களைக் காட்டும் சிடி ஸ்கேன் எடுத்தார்கள்.

குழாயின் சுவரில் என்ன நடக்கிறது

இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி வளைந்து கீழிறங்கும் இடத்தில், கைகளுக்கும் மூளைக்கும் போகும் கிளைகள் பிரிகின்றன. வயிற்றுப் பகுதியில் சிறுநீரகங்களுக்குப் போகும் கிளைகள் பிரிகின்றன. தக்கயாசு நோய் இந்தப் பெரிய குழாய்களைத்தான் தாக்குகிறது. கிருமிகளோடு போராட வேண்டிய நோய் எதிர்ப்பு அணுக்கள், குழாயின் சுவருக்குள் புகுந்து அழற்சியை உண்டாக்குகின்றன. சுவர் வீங்கித் தடிக்கிறது. நாளாக நாளாகத் தழும்பு பிடித்து உள்வழி குறுகுகிறது. சிலருக்கு மாறாகச் சுவர் பலவீனமாகிப் பலூன்போல் விரிவடைவதும் உண்டு.

ஓய்வாக இருக்கும்போது கைக்குக் கொஞ்சம் ரத்தம் போதும். துணிக்கழியைத் தூக்கும்போது தசைகள் பலமடங்கு கேட்கும். குறுகிய குழாயால் அவ்வளவு கொடுக்க முடியாது. அதனால்தான் வேலை செய்தால் வலிக்கிறது, நிறுத்தினால் வலி போகிறது.

ஆனால் உடல் சும்மா இருப்பதில்லை. பிஐஇ விரைவுச்சாலையில் விபத்து நடந்து தடங்கள் மூடப்பட்டால், வாகனங்கள் உட்சாலைகளில் புகுந்து போகும் அல்லவா? அதுபோல அடைபட்ட குழாயைச் சுற்றிச் சின்னச் சின்னக் குழாய்கள் மெல்ல மெல்லப் பெரிதாகிப் பக்கவழி அமைக்கின்றன. என் இடக்கை அழுகிப்போகாமல் இன்றும் விசைப்பலகையில் தட்டச்சு செய்வதற்கு அந்த உட்சாலைகளே காரணம்.

1908ஆம் ஆண்டு ஜப்பானியக் கண் மருத்துவர் மிக்கித்தோ தக்கயாசு, இளம்பெண் ஒருவரின் விழித்திரையில் ரத்தக்குழாய்கள் மாலைபோல் வளையமிட்டிருந்ததை மருத்துவர்கள் கூட்டத்தில் விவரித்தார். அதைக் கேட்ட சக மருத்துவர்கள் ஒனிஷி, ககோஷிமா இருவரும், தங்களிடம் வந்த அதேபோன்ற நோயாளிகளுக்கு மணிக்கட்டில் நாடி தென்படவில்லை என்று சொன்னார்கள். பின்னாளில் இதற்கு நாடியற்ற நோய் என்றும் பெயர் வந்தது. கண்ணைப் பார்த்தவர் ஒருவர், கையைப் பார்த்தவர்கள் வேறிருவர். மூவரும் ஒரே அறையில் இருந்ததால்தான் அது ஒரே நோய் என்று தெரியவந்தது. என் 14 மாதங்களை நினைக்கும்போது அந்த அறை எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும்.

அம்மா கேட்ட கேள்வி

நோயின் பெயர் தெரிந்த அன்று எனக்கு வந்தது அழுகை இல்லை, நிம்மதி. நான் கற்பனை செய்யவில்லை, சோம்பேறி இல்லை என்று படம்பிடித்துக் காட்டிவிட்டார்கள். அழுதவர் அம்மா. "வயித்துல இருக்கும்போது நான் ஏதாவது சாப்பிட்டேனா டாக்டர்?" என்று கேட்டார். இல்லை என்றார் நிபுணர். அப்படியென்றால் ஏன் என்று அம்மா கேட்டதற்கு, காரணம் தெரியாது, ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பது தெரியும் என்றார்.

முதல் பாதியை மட்டும்தான் எங்கள் வீடு கேட்டது. "காரணமே தெரியாதாம்" என்ற செய்தி உறவுகளுக்குள் பரவியது. ஒருவர் சனிப் பெயர்ச்சி என்றார். ஒருவர் கண்ணேறு என்றார். அலுவலகத்தில் குளிர்சாதனக் காற்று நேராக மேலே படுகிறதா என்று கேட்டார் மாமா. கைப்பேசியை இடக்கையில் பிடிப்பதால் வந்திருக்குமோ என்று நானே ஒரு மாதம் யோசித்தேன். வெற்றிடத்தைப் பார்த்தால் மனது எதையாவது போட்டு நிரப்பிவிடும். பெரும்பாலும் அதில் குற்ற உணர்ச்சிதான் வந்து உட்காரும்.

ஆராய்ச்சியாளர்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எச்எல்ஏ-பி52 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு கூடுதல். ஆனால் அந்த வகை உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு வருவதே இல்லை. காசநோய்க் கிருமி தூண்டிவிடுகிறதோ என்ற சந்தேகம் பல பத்தாண்டுகளாக உண்டு, நிரூபிக்கப்படவில்லை. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு நேராக வரும் நோயாகவும் இது கருதப்படுவதில்லை. உணவாலோ வேலையாலோ யாருடைய பாவத்தாலோ வருகிறது என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

இரண்டாம் பாதி எனக்குப் புரிய ஓராண்டுக்குமேல் ஆனது. என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தால் போதும், ஏன் என்று தெரியாமலேயே சிகிச்சை பெறலாம். எத்தனையோ பேருக்கு ரத்தக்கொதிப்பு ஏன் வந்தது என்று எந்த மருத்துவராலும் துல்லியமாகச் சொல்ல முடியாது. அதற்காக யாரும் மாத்திரையை நிறுத்திவைப்பதில்லை. என் நோய் அரிதானது என்பதால்தான் காரணம் தெரியாதது பெரிதாகத் தெரிகிறது.

நான் செய்த தவறு

முதல் மருந்து பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு. அழற்சியை வேகமாக அடக்கும். அதிக அளவில் தொடங்கிப் பல மாதங்களில் படிப்படியாகக் குறைப்பார்கள். இரண்டே வாரத்தில் காய்ச்சலும் களைப்பும் போய்விட்டன. அதற்கு விலையும் இருந்தது. விடியற்காலை மூன்று மணிக்குப் பசி எழுப்பும். எரிச்சல் வரும். முகம் நிலவுபோல் உருண்டது. கன்னத்தில் பூனைமுடி வளர்ந்தது. ஆறு கிலோ இழந்தவள் 11 கிலோ ஏறினேன்.

ஐந்தாம் மாதம் என் அக்கா முறைப் பெண்ணின் திருமணம். சிராங்கூன் சாலையில் சேலை எடுக்கப் போனோம். பழக்கமான கடைக்காரர், "என்னம்மா, வீட்ல நல்ல சாப்பாடு போல" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அன்றிரவு கண்ணாடி முன் நின்றேன். பெரியம்மா வேறு, "இங்கிலீஷ் மருந்த விட்டுப்பாரு, முகம் வத்திடும். நாடிய யாரு கண்டுபிடிச்சா, நெனச்சுப் பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். திருமணத்துக்குப் பத்து நாள் முன்பு ஸ்டீராய்டை ஒரேயடியாக நிறுத்தினேன். யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் உடம்பு வலித்தது. ஐந்தாம் நாள் வாந்தி. ஆறாம் நாள் குளியலறையிலிருந்து எழுந்து வர முடியவில்லை. ஆம்புலன்சில் போனபோது என் வலக்கை ரத்த அழுத்தம் 78க்கு 46.

சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் இருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் தினமும் கார்ட்டிசால் என்ற இயக்குநீரைச் சுரக்கின்றன. உடல் நெருக்கடியைத் தாங்குவதற்கும் ரத்த அழுத்தம் விழாமல் இருப்பதற்கும் அது வேண்டும். வெளியிலிருந்து மாதக்கணக்கில் ஸ்டீராய்டு வந்தால் அந்தச் சுரப்பிகள் வேலையை நிறுத்திவிடும். மாத்திரையைத் திடீரென்று விட்டால் அவை உடனே எழுந்துகொள்ளாது. உடலில் இரண்டும் இல்லாத நிலை வரும். உயிரையே பறிக்கக்கூடிய நிலை அது. ஸ்டீராய்டை நாள்பட எடுப்பவர் எந்த நோய்க்காக எடுத்தாலும் இதுவே விதி: குறைப்பதானால் மருத்துவர் சொன்ன வேகத்தில் மட்டுமே குறைக்க வேண்டும். ஆஸ்துமா, முடக்குவாதம், தோல்நோய் என்று நம் வீடுகளில் பலருக்கு இந்த மாத்திரை உண்டு என்பதால்தான் வெட்கத்தை விட்டு இதை எழுதுகிறேன்.

திருமணத்தன்று நான் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தேன். பெரியம்மா தாலி கட்டியதும் நேராக என்னைப் பார்க்க வந்துவிட்டார். பட்டுச்சேலையோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் என் காலைப் பிடித்துவிட்டார். பிறகு தெரிந்தது, அவர் முதல்நாளே அந்த வைத்தியரிடம் தொலைபேசியில் பேசியிருக்கிறார். மருந்தை நிறுத்தச் சொன்னது யார் என்று அவர் பெரியம்மாவைத் திட்டித் தீர்த்துவிட்டாராம்.

ஸ்டீராய்டு குறையும்போது நோய் மறுபடியும் தலைதூக்குவது இந்நோயில் சாதாரணம். எனக்கும் ஒருமுறை நடந்தது. அதனால் மெத்தோட்ரெக்சேட் சேர்த்தார்கள். அதை வாரம் ஒருமுறை மட்டுமே எடுக்க வேண்டும். தவறித் தினமும் எடுத்தால் ஆபத்து. எங்கள் வீட்டு நாட்காட்டியில் வெள்ளிக்கிழமைகளில் அப்பா சிவப்பு வட்டம் போட்டிருப்பார். கருவை அது பாதிக்கும் என்பதால் குழந்தை பெறத் திட்டமிடுவோர் பல மாதங்களுக்கு முன்பே மருத்துவரிடம் பேசி மருந்தை மாற்ற வேண்டும். நோய் அடங்கியிருந்து, ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருந்தால் இந்நோயுள்ள பெண்கள் குழந்தை பெறலாம். பலர் பெற்றிருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த நோயில் ரத்தப் பரிசோதனை ஏமாற்றும். அழற்சியைக் காட்டும் அளவுகள் சரியாக இருந்தாலும் குழாய்ச் சுவரில் நோய் ஓடிக்கொண்டிருக்கலாம். அதனால்தான் குறித்த இடைவெளியில் ஸ்கேன். "ரிப்போர்ட் நல்லாதானே இருக்கு, இன்னும் எதுக்கு மாத்திரை?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

36 பேர்

என் மருத்துவரிடம் ஒருமுறை, எந்த மருந்து சிறந்தது என்று ஆய்வுகள் சொல்லவில்லையா என்று கேட்டேன். டோசிலிசுமாப் என்ற ஊசி மருந்தைப் பற்றி ஜப்பானில் நடந்த முக்கியமான ஆய்வைப் பற்றிச் சொன்னார். அதில் பங்கேற்றவர்கள் மொத்தம் 36 பேர். நீரிழிவு மருந்து என்றால் ஆயிரக்கணக்கானோரை வைத்துச் சோதிப்பார்கள். இங்கே நாடு முழுவதும் தேடி 36 பேர். அதன்பின் 2017ல் ஜப்பான் அந்த மருந்தை இந்நோய்க்கு அங்கீகரித்தது. அரிய நோய் என்றால் என்ன என்பது எனக்கு அந்த எண்ணில்தான் உறைத்தது. ஆளே குறைவாக இருக்கும்போது தெளிவான பதில் வருவதற்கும் காலம் பிடிக்கும்.

ஐரோப்பாவில் 2,000 பேரில் ஒருவருக்கும் குறைவாக வருவதை அரிய நோய் என்கிறார்கள். இவ்வகை நோய்கள் 6,000க்கும் மேல். தனித்தனியாகப் பார்த்தால் அரிது, சேர்த்துப் பார்த்தால் உலகில் சுமார் 30 கோடிப் பேர். பிப்ரவரி மாதக் கடைசி நாளை அரிய நோய் நாளாக 2008 முதல் அனுசரிக்கிறார்கள். லீப் ஆண்டின் பிப்ரவரி 29 அரிதாக வருவதால் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தார்கள்.

சிங்கப்பூரில் 2019ல் அரிய நோய் நிதி தொடங்கப்பட்டது. பொதுமக்கள் தரும் ஒவ்வொரு வெள்ளிக்கும் அரசாங்கம் மூன்று வெள்ளி சேர்க்கிறது. ஆனால் அது கோஷே, பொம்பே போன்ற, பிறவியிலேயே வரும் சில மரபணு நோய்களுக்கான விலையுயர்ந்த மருந்துகளுக்கு உதவுகிறது. "உனக்குத்தான் ஃபண்ட் இருக்கே" என்று சொல்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். என் மாத்திரைகள் பழையவை, அதிக விலையில்லை. ஸ்கேன், நிபுணர் சந்திப்பு, மருத்துவமனையில் தங்குவது ஆகியவைதான் செலவு. மெடிஷீல்டு லைஃப் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கும் வாழ்நாள் முழுவதும் காப்புறுதி தருகிறது. தனியார் காப்புறுதித் திட்டங்கள் அப்படியல்ல, ஏற்கெனவே உள்ள நோயை விலக்கிவைக்கலாம். நோய் வருமுன் நான் எதுவும் வாங்கவில்லை, வந்தபின் கிடைக்கவில்லை. பணம் நெருக்கினால் பொது மருத்துவமனையில் மருத்துவ சமூக ஊழியரைப் பார்க்கக் கேளுங்கள். நான் வெட்கப்பட்டுக்கொண்டு எட்டு மாதம் கேட்கவில்லை. கேட்டபின் ஒரே சந்திப்பில் தவணையும் மானியமும் சரிசெய்யப்பட்டன.

வேலையிடம் இன்னொரு தலைவலி. வேலை நியமனச் சட்டப்படி ஆறு மாதம் பணியாற்றியவருக்கு ஆண்டுக்கு 14 நாள் மருத்துவ விடுப்பு. மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் அந்த 14ஐயும் சேர்த்து 60 நாள். முதல் ஆண்டில் 14 நாளும் ஏப்ரலிலேயே தீர்ந்துவிட்டன. மேலதிகாரியிடம் சொல்வதா வேண்டாமா என்று பல வாரம் தவித்தேன். கடைசியில் நோயின் வரலாற்றை விட்டுவிட்டு மூன்று விவரங்களை மட்டும் சொன்னேன்: மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருத்துவச் சந்திப்பு, கனமான பெட்டிகளைத் தூக்க முடியாது, மயக்கம் வந்தால் வலக்கையில் மட்டும் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். அவர் அந்த மூன்றாவதைத் தன் கைப்பேசியில் குறித்துக்கொண்டார். எல்லா மேலதிகாரியும் இப்படி இருக்க மாட்டார்கள் என்று தெரியும்.

எட்டுப் பொருத்தம்

சென்ற ஆண்டு எனக்கு ஒரு வரன் வந்தது. ஜாதகத்தில் எட்டுப் பொருத்தம். பையன் நல்ல மாதிரி, இரண்டு முறை சந்தித்துப் பேசினோம். "மாத்திர சாப்பிடுறத இப்ப சொல்ல வேணாம், நிச்சயம் ஆகட்டும்" என்றார் அம்மா. அம்மாவின் பயம் எனக்குப் புரிந்தது. ஆனால் மெத்தோட்ரெக்சேட் எடுக்கும் ஒருத்தி இதை மறைத்துத் திருமணம் செய்ய முடியாது. குழந்தை எப்போது என்பதையே மருத்துவரோடு உட்கார்ந்து முடிவுசெய்ய வேண்டியவள் நான். மூன்றாம் சந்திப்பில், உணவங்காடி நிலையத்தில் தேநீர் ஆறிக்கொண்டிருக்க, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அக்கறையாகத்தான் கேட்டார். இடக்கையைத் தொட்டுப் பார்க்கலாமா என்றுகூடக் கேட்டார்.

இரண்டு வாரம் கழித்து ஜாதகம் பொருந்தவில்லை என்று அவர்கள் வீட்டிலிருந்து செய்தி வந்தது.

அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சமையலறையில், "நீ சொன்னது சரிதான். எனக்குத்தான் மனசு கேக்கல" என்றார். எனக்கும் கேட்கவில்லை. அந்தப் பையனை எனக்குப் பிடித்திருந்தது. அதை இங்கே சொல்லாமல் விட்டால், துணிச்சலாக உண்மை பேசிவிட்டு நிம்மதியாக இருந்தேன் என்று படிப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். நிம்மதியாக இல்லை. அடுத்த வரன் வந்தாலும் மூன்றாம் சந்திப்புக்குள் சொல்லிவிடுவேன், அவ்வளவுதான்.

இப்போது எனக்கு 28 வயது. பிரெட்னிசோலோன் ஒரு நாளைக்கு 5 மில்லிகிராமுக்கு இறங்கியிருக்கிறது. முகம் பழையபடி ஆகிவிட்டது. சின்னக் காய்ச்சல் வந்தாலும் மருத்துவரைப் பார்த்துவிடுவேன், நோய் எதிர்ப்பாற்றலை மருந்து அடக்கி வைத்திருக்கிறது. சில வகைத் தடுப்பூசிகள் உயிருள்ள கிருமியால் செய்யப்பட்டவை என்பதால் எனக்கு ஆகாது, எதைப் போடுமுன்னும் கேட்டுக்கொள்வேன். துணிக்கழியைத் தம்பி தூக்குகிறான். கோத்துக் கொடுப்பது நான்.

என் அப்பா ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். ஞாயிற்றுக்கிழமை காலை பசியாறியதும் இரண்டு கைகளிலும் ரத்த அழுத்தம் எடுத்துப் பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பார். பேருந்தில் பயணநேரம் குறித்த அதே கையெழுத்து. வலக்கைக்கு ஒரு பத்தி, இடக்கைக்கு ஒரு பத்தி. இடக்கைப் பத்தியில் ஐந்து ஆண்டுகளாக ஒரு சின்னக் கோடு மட்டும்தான். இருந்தாலும் ஒரு வாரம் தவறாமல் அந்தக் கையிலும் பட்டையைக் கட்டிப் பார்ப்பார். வேண்டாம்பா என்று சொல்லிப் பார்த்தேன். "எடுக்காம எப்படிக் கோடு போடுறது?" என்றார்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த இயந்திரம் இடக்கையில் 81 என்று காட்டியது. அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி எடுத்தார். பிழை. மூன்றாம் முறை 79. அம்மாவை அழைத்துக் காட்டினார். நிபுணரிடம் போனபோது நோட்டைக் கொண்டுபோனேன். பக்கவழிக் குழாய்கள் நன்றாக வளர்ந்திருக்கலாம், இயந்திரம் தவறாகக் காட்டியிருக்கவும் கூடும், ஏப்ரல் ஸ்கேனில் பார்ப்போம் என்றார். அப்பா அந்த இரண்டு எண்களையும் பென்சிலால்தான் எழுதி வைத்திருக்கிறார்.